அன்னத்தின் இறக்கையைப் பிய்த்தவன்

அந்தா பாருங்க அண்ணாச்சி, உங்க பக்கத்து ஜன்னல்ல. கல்யாண மண்டபத்து வாசல்ல நிக்கிது பாருங்க, அன்னப்பறவை வண்டி. பாத்துட்டீங்களா? அது அன்னமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. கழுத்து பம்புசெட்டு பைப்பு கணக்கா நட்டுக்கிட்டு நிக்கிது. மூக்கு அசல் வாத்து மூக்கு. அதுமேல ஒரு மாப்பிள்ளையை உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தா பொண்ணு வீட்டுக்காரன் சிரிப்பானா மாட்டானா? எவனோ கூறு கெட்டவன் செஞ்சிருக்கான். அடியில டயரு வேற தெரியுது. அன்னத்துக்கு டயர் ஏதுங்க?

போயிருச்சு, விடுங்க. அதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும். நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. விருதுநகர்ல இறங்கி பைபர் பட்டறை தனுஷ்கோடின்னு கேளுங்க, ஆட்டோக்காரன் கொண்டாந்து வாசல்ல விடுவான். பார்க்குல புள்ளைக சறுக்கி விளையாடுற யானை, ஓட்டல் வாசல்ல கும்பிட்டுக்கிட்டு நிக்கிற பொம்மை, பொருட்காட்சி டைனோசர், எல்லாம் நம்ம கைதான். அச்சு செஞ்சு, கண்ணாடி நார்ப் பாயை விரிச்சு, ரெசினை ஊத்தி, காயவச்சு, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு எடுத்தோம்னா தட்டிப் பாத்தாத்தான் பைபர்னு தெரியும். இந்த ஜில்லாவுல இந்த வேலை தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் ஒட்டுப் போடுறவன்.

நீங்க எதுவரைக்கும்? கோவில்பட்டியா? நல்லதாப் போச்சு, நேரம் இருக்கு. நான் விருதுநகர். திருமங்கலத்துக்கு ஒரு வேலையாப் போயிட்டு வர்றேன். வேலை என்ன வேலை, தண்டம். மச்சினன் வீட்டுக்கு. இந்தப் பையில பாருங்க, தாம்பாளம், வெத்தலை பாக்கு, பழம், பத்திரிகை. ஆவணியில மகளுக்குக் கல்யாணம். சுகந்தின்னு பேரு, ஒரே பொண்ணு. எங்க வழக்கத்துல தாலி ஏறுறதுக்கு முந்தி தாய்மாமன் வந்து பொண்ணு நெத்தியில பட்டம் கட்டணும். மெல்லிசாத் தங்கத்தகடு, ரெண்டு பக்கமும் கயிறு, தலைக்குப் பின்னால முடிச்சுப் போடணும். அவ்வளவுதான் விஷயம். அதைக் கனகவேல் மாமாதான் கட்டணுமாம், இல்லேன்னா மணவறையில ஏற மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. படிச்ச புள்ளைங்க அண்ணாச்சி. படிச்சு என்ன பிரயோஜனம்?

அந்தக் கனகவேல் யாருன்னு சொல்லணும்ல. என் பொண்டாட்டி ராஜகனிக்குத் தம்பி. தொழில், சைலன்சர் ஒட்டுறது. வண்டிக்குப் பின்னாடி புகை போற குழாய் இருக்குல்ல, அதுல ஓட்டை விழுந்தா வெல்டிங் வச்சு அடைக்கிறது. இது ஒரு தொழிலா? வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கிடக்கிற தொழில். அவனுக்கு என் பட்டறையை ஒட்டிக் கொட்டகை போட்டுக் குடுத்தவன் நான். அதை மனசுல வச்சுக்கங்க. ஆனா வாயி இருக்கே, அது வண்டிக்கு அடியில படுக்காது. எந்நேரமும் எகத்தாளம். நான் ஒரு குதிரை செஞ்சா, "அத்தான், இது குதிரையா, குதிரை மாதிரி ஒண்ணா?"ம்பான். வேலையாளுக சிரிப்பானுக. யார் பட்டறையில யார் சிரிக்கிறது?

சரி, அன்னத்துக்கு வர்றேன். ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம்னு நான் சொந்தமாச் செஞ்ச வண்டி அது. ஒரு பழைய ஜீப்பை வாங்கி, மேல இருந்ததையெல்லாம் கழட்டிப்போட்டு, அதுமேல அன்னத்தைக் கவுத்தேன். கழுத்து வளைவு மட்டும் மூணு தடவை அச்சு மாத்தியிருக்கேன். முதுகுல மாப்பிள்ளைக்கு சிம்மாசனம். ரெண்டு பக்கமும் இறக்கை தரையைத் தொடுற மாதிரி இறங்கி வரும், டயர் கடுகளவு தெரியாது. டிரைவர் நெஞ்சுக்குள்ள உக்காந்து ஓட்டணும். வலது இறக்கையைத் தூக்கினா உள்ள போறதுக்கு வழி. அந்தக் கீலைக்கூட வெளிய தெரியாம உள்பக்கம் வச்சிருந்தேன். சேந்த இடம் எதுன்னு நீங்க பூதக்கண்ணாடி வச்சாலும் கண்டுபிடிக்க முடியாது. தெருவுல போறவன் வர்றவனெல்லாம் நின்னு பாத்துட்டுப் போனான். அப்படி ஒரு அன்னம் அதுக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் வரப்போறதில்ல.

இவன் வந்தான். பாத்தான். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல? நேரா அடியில போய்ப் படுத்துக்கிட்டான். படுத்துக்கிட்டு உள்ள இருந்து குரல் குடுக்கிறான். "அத்தான், சைலன்சர் பைப்பு உங்க பைபருக்கு முத்தம் குடுத்துக்கிட்டுக் கிடக்கு. சூடு ஏறுனா அன்னம் அப்பளமாப் போகும்."

அப்பளம். அவன் வாயில வர்றதெல்லாம் திங்கிற சாமான்தான்.

என்ன செய்யணும்ங்கிறேன். அடுக்குறான் பாருங்க. பாடியை நாலு விரக்கடை தூக்கி உக்கார வைக்கணுமாம், பைப்புக்கும் பைபருக்கும் நடுவுல காத்து போகணுமாம். நடுவுல அலுமினியத் தகடு ஒண்ணு குடுக்கணுமாம், அதுவும் பைபர்ல ஒட்டாம, திண்டு வச்சுத் தள்ளி நிக்கணுமாம். பைப்புக்குச் சூடு தாங்குற நாடா ஒண்ணு விக்கிது, அதைச் சுத்தணுமாம். அத்தோட விட்டானா? வாலுக்கு அடியில ரெண்டு ஓட்டை போடணுமாம், சூட்டுக் காத்து வெளிய போறதுக்கு.

நான் கேட்டேன், "ஏம்ப்பா, நாலு விரக்கடை தூக்கினா டயர் தெரியாதா?"

"தெரியும்."

"அன்னத்துக்கு டயர் தெரியலாமா?"

"தெரிஞ்சா என்ன அத்தான், அது நடந்தா வருது?"

சொல்லிட்டு அவனே சிரிக்கிறான். வாலுக்கு அடியில ஓட்டையாம், அதுவும் எந்த இடத்துல போடச் சொல்றான் பாருங்க. சரஸ்வதி வாகனம்யா அது. ஊர்ல ஒருத்தன் வாயை மூடிட்டு இருப்பானா? அவனுக்கு அழகுன்னா என்னன்னு தெரியாது. பிறந்ததுலேர்ந்து எந்த வண்டியையும் அடியில இருந்தே பாத்தவன்.

ஆனா நான் அவசரக்காரன் இல்ல அண்ணாச்சி. யார் சொன்னாலும் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் பேசுவேன். வண்டியை எடுத்தேன், நாலுவழிச் சாலையில ஏத்தினேன், சாத்தூர் வரைக்கும் ஒரே மிதி. ரோட்டுல போறவன் பூராவும் கையசைக்கிறான், ஒரு லாரிக்காரன் செல்போன்ல படம் எடுத்துக்கிட்டே கூட வர்றான். திரும்பி வந்து நிறுத்தி, அடியில கைய விட்டு பைபரைத் தொட்டேன். ஜில்லுன்னு இருக்கு. அவனைக் கூப்பிட்டு, "தொட்றா"ன்னேன். தொட்டான். "இப்ப என்ன சொல்ற? அப்பளம் எங்க?"ன்னேன்.

அவன் என்ன சொல்றான்னா, "அத்தான், நீங்க போன வேகத்துக்குக் காத்து அடிச்சு ஆத்திருக்கும். ஊர்வலத்துல இந்த வேகத்துல போவீங்களா? மேளக்காரன் பின்னாலதானே ஊர்ந்து போகணும். அப்ப காத்து எங்கேர்ந்து வரும்?"

தோத்தவன் பேசுற பேச்சு இது. வேகமாப் போனா இஞ்சின் அதிகமா உழைக்கும், சூடு அதிகமாகும். மெதுவாப் போனா கம்மியாகும். இது சின்னப் புள்ளைக்குத் தெரியும். நான் அவனோட பேசுறதை விட்டுட்டேன். பேசி ஜெயிக்க முடியாதவன்தான் இப்படி ஒண்ணு விட்டா ஒண்ணு கிளப்புவான்.

முதல் வாடகை, பருப்பு மில் அய்யாத்துரை மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. சாதாரண இடமா? அரை ஊரு அவருக்குச் சொந்தம். கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் ஊர்வலம், சாயங்காலம். நானே ஓட்டுனேன். வேற எவன் கையில குடுப்பேன்? வேட்டி சட்டையைப் போட்டுக்கிட்டு அன்னத்தோட நெஞ்சுக்குள்ள உக்காந்தேன். மாப்பிள்ளை மேல, கோட்டு சூட்டு, ஆளுயர மாலை. முன்னால பேண்டு செட்டு, அதுக்கு முன்னால வெடி. பின்னால சனம். ஊரே வேடிக்கை பாக்குது.

இவன் செஞ்ச காரியத்தைக் கேளுங்க. கிளம்புறதுக்கு முந்தி, எனக்குத் தெரியாம, அடியில பூந்து பைப்பு மேல ஈரச்சாக்கைச் சுத்தி விட்டிருக்கான். நாடா கட்ட நான் விடலையாம், அதனால சாக்காம். கொஞ்ச தூரம் போனதும் அன்னத்தோட வாலுக்கு அடியில இருந்து குபுகுபுன்னு ஆவி வருது. பின்னால வந்த பொம்பளைக எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாளுக. ஒரு கிழவர் சத்தமாவே சொல்றார், அன்னத்துக்கு வயித்துக்கு ஆகலை போலன்னு. எனக்கு உள்ள உக்காந்திருக்க முடியலை. கூப்பிட்டு, "எவன்டா சாக்கு கட்டுனது, அவுத்துப் போடு"ன்னேன். அவுத்தான். இந்த அறிவாளி பேச்சைத்தான் நான் கேட்டிருக்கணுமாம். ஊர்ல எல்லாரும் இப்ப அப்படித்தான் பேசுறான்.

அப்புறம் வீட்டுக்கு வீடு நிப்பாட்டுறாங்க. சொந்தக்காரங்க வீடு வந்தா ஆரத்தி எடுக்கணும், மாலை போடணும், போட்டோ எடுக்கணும். நிக்கிறோம், ஊர்றோம், நிக்கிறோம். இவன் மறுபடி என் பக்கம் வந்து இறக்கையைத் தட்டுறான். "அத்தான், நிக்கிறப்பவாவது இஞ்சினை அணைங்க."

"அணைச்சா சீரியல் லைட்டு அணைஞ்சுரும்"னேன்.

"அணைஞ்சா அணையட்டும். ஒரு மாதிரி வாடை வருது."

"வெடி போடுறான்ல, வெடி வாடை."

"இது வெடி வாடை இல்ல அத்தான். ரெசின் வாடை. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா. பாருங்க, எப்படிக் கொக்கி போடுறான். இருபது வருஷமா ரெசினை மோந்துக்கிட்டு இருக்கிறவன் நான். எனக்கு வாடை வரலை. ரெசின்லயே கிடக்கிறவனுக்கு அது தனியாத் தெரியுமா, அது வேற விஷயம். ஆனா வரலைன்னா வரலைதான். அய்யாத்துரை அண்ணாச்சியோட பெரிய வீடு அடுத்த முக்குல. அங்கதான் பெரிய ஆரத்தி, அங்கதான் வீடியோக்காரன் நிக்கிறான். அந்த இடத்துல லைட்டை அணைச்சுட்டு இருட்டுல நிக்கச் சொல்றான். வேணும்னே செய்யிறான்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பெரிய வீட்டு வாசல்ல நின்னோம். நின்னது நெடுநேரம், அத்தைமாருக ஒவ்வொருத்தியும் வந்து திலகம் வைக்கிறா. அப்பத்தான் என் காலுக்கடியில சுருக்குன்னுச்சு. பாத்தா தரையெல்லாம் பழுப்பா கொப்புளம் கிளம்பியிருக்கு. நல்ல வெள்ளை அடிச்ச பைபர், பொரிச்ச அப்பளம் மாதிரி. அட, அந்த வார்த்தை என் வாயிலயும் வருது பாருங்க. அடுத்த நிமிஷம் வால் பக்கம் இருந்து புகை. வெள்ளைப் புகை இல்ல, கருப்பு. எவனோ கத்துறான். மாப்பிள்ளை மேல இருந்து குதிச்சுட்டான், கீழ நின்னவன் பிடிச்சுக்கிட்டான். அவனுக்கு ஒரு கீறல் இல்ல. நானும் இறங்கிரலாம்னு இறக்கையைத் தூக்குறேன், அது வரலை. சூட்டுல இறக்கை இளகித் தொய்ஞ்சு கீல் மேல உக்காந்துக்கிச்சு. உள்ள புகை வந்துருச்சு. கண்ணைத் திறக்க முடியலை, மூச்சு அடைக்கிது. நான் இப்படியும் அப்படியும் அசைச்சுக்கிட்டு இருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நானே திறந்திருப்பேன். எனக்குத் தெரியாதா என் கீலு எங்க இருக்குன்னு?

அதுக்குள்ள வந்துட்டான் அண்ணாச்சி. வந்து, வெறுங்கையால, என் இறக்கையைப் பிடிச்சுப் பிய்க்கிறான். பத்தி எரியிற பைபரு. உருகுன ரெசின் கையில ஒட்டிக்கிட்டு எரியிது. விட்டானா? ரெண்டு கையாலயும் பிடிச்சு, காலை ஊனி, படார்னு பிய்ச்சுப் போட்டான். ஒரு இறகு ஒரு இறகா நான் செதுக்குன இறக்கை. வண்டி எரிஞ்சதுகூட எனக்குப் பெருசில்ல. அந்த இறக்கையைப் பிய்ச்சான் பாருங்க, அதைத்தான் என்னால மறக்க முடியலை. அத்தோட போச்சா? அந்தக் கையோடயே என் சட்டையைப் பிடிச்சு வெளிய இழுத்து ரோட்டுல தள்ளுனான். என் வேட்டி உள்ளயே மாட்டிக்கிச்சு. அத்தனை பொம்பளைக, அய்யாத்துரை அண்ணாச்சி, வீடியோக்காரன், எல்லாரும் பாக்க நான் அண்டர்வேரோட நடுரோட்டுல கிடக்கிறேன். யாராவது பாத்து இழுக்கிறதுக்கு ஒரு முறை இருக்குல்ல? வேட்டியைச் சேத்து இழுத்தா என்ன?

வண்டி அங்கனயே எரிஞ்சு அடங்குச்சு. ஜீப்போட எலும்பு மட்டும் நின்னுச்சு.

அதுக்கப்புறம் நடந்த கூத்தைக் கேக்கணும். இவனை ஆசுபத்திரியில சேத்தாங்க. அய்யாத்துரை அண்ணாச்சி நேர்ல போய் சால்வை போத்துறார். போத்தி, ஒரு உசிரைக் காப்பாத்திட்டப்பான்னு சொல்றார். யார் உசிரு? எனக்கு என்ன ஆச்சு? ரெண்டு நாள் இருமல், அவ்வளவுதான். என்னைப் பாத்து ஊர்ல ஒருத்தன் நல்லாருக்கியான்னு கேக்கலை. போற வர்ற இடமெல்லாம், கனகவேல் சொன்னானாமே, நீங்க கேக்கலையாமேன்னு. இவன் படுக்கையில கிடந்துக்கிட்டே எல்லாருக்கும் சொல்லியிருக்கான் பாருங்க. இல்ல, நான் சொல்லலைன்னானாம். வேலையாளுக சொன்னதாம். எல்லாம் ஒரே கூட்டம்.

இப்ப நான் செய்யிற வண்டிகளைப் பாருங்க. நாலு விரக்கடை தூக்கித்தான் உக்கார வைக்கிறேன். அலுமினியத் தகடு, திண்டு வச்சுத் தள்ளி. பைப்புக்கு நாடா. பின்னால காத்துப் போக வழி. போன மாசம் ஒரு மயில் செஞ்சேன், நாள் பூரா ஊர்வலம் போய்ட்டு வந்து தொட்டா வெதுவெதுன்னுதான் இருக்கு. அது அவன் சொன்னதுக்காகச் செய்யிறதில்ல. அது என் அனுபவம். அனுபவம்னா அடிபட்டு வர்றது. அவனுக்கு என்ன, வாயில வந்ததைச் சொன்னான், தற்செயலாப் பலிச்சுருச்சு.

கையா? கை ஆறிருச்சு. தோலு சுருங்கி ஒட்டிக்கிச்சு, விரல் மடங்க மாட்டேங்குது. வெல்டிங் பிடிக்க முடியாதுன்னு கொட்டகையைக் காலி பண்ணிட்டுத் திருமங்கலம் போயிட்டான், பொண்டாட்டி ஊரு. அவ இட்லிக் கடை போட்டிருக்கா, இவன் வாசல்ல உக்காந்து வர்றவன் போறவன்கிட்டக் கதை பேசுறான். அந்தப் பொழைப்பு அவனுக்குப் பொருத்தம்தான். ஆசுபத்திரியில விரலை மடக்கி நீட்டிப் பழகச் சொன்னாங்களாம். ஒழுங்காப் பழகியிருக்க மாட்டான். சோம்பேறி. ராஜகனி என்னமோ நான்தான் அவன் கையைக் கொண்டுபோய் நெருப்புல வச்ச மாதிரி என் முகத்தைப் பாத்துச் சோறு போடுறதில்ல. யாருங்க அவனை வெறுங்கையால பிடிக்கச் சொன்னது? வெல்டிங்காரனுக்குக் கையுறை தெரியாதா?

நான் அவனோட பேச்சை நிப்பாட்டிட்டேன். ஆசுபத்திரிக்கும் போகலை. என்னன்னு போறது? இறக்கையைப் பிய்ச்சதுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போகவா?

இப்பக் கல்யாணம்னு வந்து நின்னுருச்சு. அருப்புக்கோட்டையில நல்ல இடம். பட்டம் கட்டுறதுக்கு நான் ராஜகனியோட பெரியம்மா வீட்டு வகையில மாமன் முறைக்காரன் ஒருத்தனைச் சொல்லிவச்சேன். சுகந்தி கேட்டுட்டு உள்ள போயிட்டா. ராத்திரி சாப்பிடலை. மறுநாளும் சாப்பிடலை. அவ ஆத்தாக்காரி வந்து சொல்றா, நீங்க நேர்ல போய் வெத்தலை பாக்கு வச்சு என் தம்பியைக் கூப்பிடலேன்னா கல்யாணத்தை நிப்பாட்டிக்கங்கன்னு. பொம்பளைக ரெண்டு பேரும் சேந்து என்னைத் திருமங்கலத்துக்கு பஸ் ஏத்திட்டாளுக.

போனேன். வாசல்ல உக்காந்திருக்கான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சான். "வாங்க அத்தான்"ங்கிறான், என்னமோ நேத்துப் பாத்த மாதிரி. அவன் பொண்டாட்டி தண்ணி கொண்டாந்தா, டீ கொண்டாந்தா. இவன் டம்ளரை எப்படி எடுக்கிறான்கிறீங்க, ரெண்டு மணிக்கட்டையும் சேத்து, நடுவுல இடுக்கி. நான் பாக்கணும்னே செய்யிறானோன்னு தோணுச்சு. தாம்பாளத்தை எடுத்து நீட்டுனேன். வாங்கலை.

"நான் பட்டம் கட்டுறதுக்கு லாயக்கில்ல அத்தான்"ங்கிறான். "கயிறை முடிச்சுப் போட வராது. சபையில அவ தலைக்குப் பின்னால நின்னு தடுமாறிக்கிட்டு இருந்தா புள்ளைக்கு அசிங்கம்."

சரி, அப்ப வேற ஆளைப் பாத்துக்கிறேன்னு தாம்பாளத்தை இழுத்தேன். அவன் ரெண்டு மணிக்கட்டையும் தாம்பாளத்து மேல வச்சு அமுக்கிட்டான்.  அப்புறம் சொல்றான், "அத்தான், ஒண்ணு செய்வோம். பட்டத்தை நான் அவ நெத்தியில வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிறேன். அது முடியும். பின்னால முடிச்சை மட்டும் நீங்க போடுங்க. நீங்க கூட நின்னா நான் வர்றேன்."

எப்படி இருக்கு பாத்தீங்களா? கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கும். யோசிச்சுப் பாருங்க. மணவறையில, அய்யாத்துரை அண்ணாச்சி முதல்கொண்டு ஊரே உக்காந்திருக்கிற இடத்துல, இவன் முன்னால நின்னு பிடிக்கணும், நான் பின்னால நின்னு இவனுக்கு முடிச்சுப் போடணும். ஒருத்தன் கேக்க மாட்டானா, பொண்ணோட அப்பன் எதுக்கு முடிச்சுப் போடுறார்னு? பக்கத்துல இருக்கிறவன் சொல்ல மாட்டானா, மாமன் கை மடங்காது, அது எப்படி ஆச்சு தெரியுமான்னு? அன்னம், புகை, என் வேட்டி, எல்லாம் மணவறைக்கு வந்துரும். என் மகள் கல்யாணத்துல எனக்கே. அதுக்குத்தான் திட்டம் போட்டிருக்கான். வெளிய பாத்தா அப்பாவி.

அவன் அப்படித் திட்டம் போடுற ஆளு இல்லையா? நீங்க அவனைப் பாத்திருக்கீங்களா அண்ணாச்சி? பாக்காம பேசாதீங்க.

நான் சொல்லிட்டேன். "அதெல்லாம் வழக்கத்துல இல்ல. கட்ட முடிஞ்சா தனியாக் கட்டு, முடியலேன்னா விட்டுரு"ன்னேன்.  தாம்பாளத்தை விட்டுட்டான். வெத்தலை பாக்கோட அப்படியே பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலயே நடந்து வந்தான். இந்த பஸ்ஸுல ஏறுறப்ப எனக்கு ஜன்னல் சீட்டு கிடைக்கலைன்னு கண்டக்டர்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தான். எதுல தலையிடணும்னு விவஸ்தை கிடையாது அவனுக்கு.

ஒரு நிமிஷம். போன் அடிக்கிது. அவதான், சுகந்தி.

ஆங், சொல்லும்மா. ஆமா, பஸ்ஸுலதான் வந்துக்கிட்டு இருக்கேன். போனேன், போனேன். பாத்தேன். நல்லா மரியாதையாத்தான் கூப்பிட்டேன். வெத்தலை பாக்கெல்லாம் வச்சு, கால்ல விழாத குறையாத்தான் கூப்பிட்டேன். என்ன செய்யிறது, வர மாட்டேன்னுட்டான்மா. ஆமா. ஒரே பிடியா, வர முடியாது, வேற ஆளைப் பாத்துக்கன்னுட்டான். மனசுல வஞ்சம் வச்சிருக்கான். நீதான் மாமா மாமான்னு உருகுற...

என்னது?

எப்பப் பேசுனான்? இப்பவா?

முடிச்சா? அது வந்து... அது நீ நினைக்கிற மாதிரி இல்லம்மா. சபையில அதெல்லாம்... நான் பொய் சொல்லலை. சரி, அவன் என்ன சொன்னான் உன்கிட்ட? என்னைப் பத்தி என்ன சொன்னான்? ஒண்ணும் சொல்லலையா? அத்தான் களைச்சுப் போயி வர்றார், சாப்பாடு எடுத்து வைன்னானா?

சரி. சரி, அழாத. பஸ்ஸுல எல்லாரும் பாக்கிறாங்க.

யாரு போடுறா? அம்மாவா? அம்மா எப்படி முடிச்சுப் போட முடியும், அது... சரி, போடட்டும். மாமா பிடிக்கட்டும், அம்மா போடட்டும். நான் தாரை வாக்கிற இடத்துல நிக்கிறேன், எனக்கு என்ன.

என்னது? சித்தப்பாவா? சித்தப்பா எதுக்குத் தாரை வாக்கணும்? நான் உசிரோட இருக்கேன்ல. நான் எங்க நிக்கிறதாம்? சுகந்தி. இந்தாம்மா, கேளு. நான் உன் அப்பன்மா. ஹலோ. ஹலோ.

வச்சுட்டா.

டவர் இல்லபோல. இந்தப் பக்கம் டவரே இருக்காது.

பாத்தீங்களா அண்ணாச்சி, நான் சொன்னேன்ல, அவன் எப்படிப்பட்டவன்னு. நான் பஸ்ஸுல இருந்து இறங்குறதுக்குள்ள என் வீட்டுக்கு எனக்கு முன்னால போயி உக்காந்துக்கிட்டான். நீங்க ஏன் ஜன்னலைப் பாக்கிறீங்க? இங்க பாத்துச் சொல்லுங்க. சித்தப்பன் தாரை வாப்பானாம். பொண்ணைப் பெத்து வளத்தது நான். தண்ணியை ஊத்திக் குடுக்கிறது எவனோ. தாலி ஏறுறப்ப நான் பந்தியில போயி உக்காந்திருக்கணுமாம். அவ சொல்லலை, ஆனா அதுதானே அர்த்தம்?

விருதுநகர் வந்துருச்சா? ஆமா, வந்துருச்சு. அந்தா நிக்கிறாளுகளா ஸ்டாப்புல? இல்ல, அது வேற யாரோ. பையை எடுத்துக் குடுக்க வேண்டாம், இருக்கட்டும். நான் இறங்கலை.

கண்டக்டர் தம்பி, இங்க. கோவில்பட்டிக்கு ஒரு டிக்கெட் போடுங்க. தெரியும்ப்பா, விருதுநகர்னுதான் எடுத்தேன். இப்பக் கோவில்பட்டி. நான் அங்கயும் போகலாம்ல?

கோவில்பட்டியில யாரு இருக்கான்னு கேக்கிறீங்களா? எனக்கு அங்க யாரும் இல்ல அண்ணாச்சி.